தேய்க்கிற சார்

இருநூறு கிலோமீட்டர் போய் ஓசியில் நாலு இட்லி தின்றுவிட்டு வருவதற்கு ஒரு மனுஷனுக்கு எவ்வளவு படிப்பு வேண்டியிருக்கிறது! பி.இ., அதற்குமேல் தபாலில் ஒரு எம்.பி.ஏ., முப்பது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். பஜாரில் அய்யாசாமி கடை இட்லிக்கு இதெல்லாம் வேண்டாம். காலில் செருப்பு இருந்தால் போதும்.

பெரியநாயகி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சாப்பாட்டு மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த கணவர் மணிமாறனின் தட்டில் இன்னொரு தோசையை வைத்துவிட்டு, "சட்னி போடட்டுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் நிமிரவில்லை. கார்டுக்காரர்கள் அனுப்பியிருந்த மெயிலைப் போனில் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். கார்டு உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தது. மற்றவர்கள் வைத்திருப்பதுபோல் பிளாஸ்டிக் இல்லை; உலோகம். பேச்சுக்கு நடுவில் அதை எடுத்து மேசையில் போடுவார். டங்கென்று விழும். அந்தச் சத்தத்துக்காகத்தான் போடுகிறார். முதல் வருஷம் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். இப்போது கொல்லைப்பக்கம் வருகிற பூனைகூடத் திரும்புவதில்லை.

"அடுத்த மாசம் இருபதாந்தேதி ஆனிவர்சரி," என்றார்.

"யாருக்குங்க?"

"கார்டுக்கு."

அவர்களுடைய கல்யாண நாள் போன மாதம் வந்து போயிருந்தது. அன்றைக்கு அவர் ஷிப்ட் முடிந்து வந்து, ரசத்தில் உப்பு கம்மி என்று சொல்லிவிட்டுப் படுத்தார். பெரியநாயகி அதை நினைவுபடுத்த நினைக்கவில்லை. அவளுக்கும் மறுநாள்தான் ஞாபகம் வந்தது.

"வருஷக் கட்டணம் அறுபதாயிரம். அதுக்குமேல ஜிஎஸ்டி. ஆனா வருஷத்துல பத்து லட்சத்துக்குத் தேய்ச்சா கட்டணம் கிடையாது. இன்னும் மூணு லட்சம் உதைக்குது."

"கட்டிடுங்களேன். இல்லேன்னா வேணாம்னு திருப்பிக் குடுத்துடுங்க."

மணிமாறன் அவளைப் பார்த்தார். அவர் வேலை பார்க்கிற நிலக்கரி மைன்ஸில் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஓடுகிற கன்வேயர் பெல்ட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றால் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"உனக்கு எத்தனை தடவ சொல்றது? கிரெடிட் கார்டு வேற, சார்ஜ் கார்டு வேற. கிரெடிட் கார்டுன்னா கடன். கொஞ்சம் கட்டிட்டு மிச்சத்த இழுத்துக்கிட்டே போலாம். இதுல அந்தப் பேச்சே கிடையாது. மாசம் முடிஞ்சா மொத்தமும் கட்டியாகணும். அப்படிக் கட்டக்கூடிய ஆளுக்குத்தான் குடுப்பான். நம்ம பிளாக்குல வேற யார்கிட்ட இருக்கு சொல்லு?"

மாதம் முழுக்க வாங்கிக்கொண்டு மாதம் பிறந்ததும் மொத்தமாகக் கட்டுகிற வசதியை மெயின் பஜார் மளிகைக்கடை அண்ணாச்சி பெரியநாயகிக்கு இருபது வருஷமாகத் தந்துகொண்டிருக்கிறார். அதற்கு ஒரு பைசா கட்டணம் வாங்கியதில்லை. கணக்குத் தீர்க்கிற அன்றைக்குக் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கொசுறாகப் பையில் போடுவார். 'நித்யா பாப்பா எப்படி இருக்கு?' என்று கேட்பார். உலோகத்தில் எதுவும் செய்து தரவில்லை, அவ்வளவுதான் குறை.

"அப்ப கட்டறது லாபமா இல்லையாங்க?" என்று கேட்டாள். கேட்டால் அவருக்குப் பிடிக்கும் என்று தெரியும். உண்மையில் அந்தக் கேள்வியைத்தான் அவர் நாலு வருஷமாகத் தின்றுகொண்டிருக்கிறார்.

"உபயோகிக்கத் தெரிஞ்சவனுக்கு லாபம்," என்றார் மணிமாறன். கார்டு டங்கென்று விழுந்தது.

உபயோகிப்பதை அவள் கூடவே இருந்து பார்த்திருக்கிறாள். டிசம்பரில் புனாவில் இருக்கும் மகள் நித்யாவைப் பார்க்கப் போனபோது, விமானத்துக்கு ஐந்து மணி நேரம் முன்னாலேயே மீனம்பாக்கத்தில் போய் இறங்கினார்கள். கார்டு வைத்திருப்பவர்களுக்கு அங்கே தனியாக ஒரு கூடம் உண்டு. சாய்ந்து உட்காரலாம், சாப்பாடு இலவசம். காலையில் எழுந்து பெரியநாயகி புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டியிருந்தாள். "அதையெல்லாம் தூக்கிட்டு உள்ள வராத," என்று மணிமாறன் காரிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். அவளுக்கென்று வாங்கிய துணைக் கார்டில் அவள் பெயரை 'பி. நாயகி' என்று அச்சடிக்க வைத்திருந்தார். வாசலில் நின்ற பெண் போர்டிங் பாஸைப் பார்த்து, "வாங்க பெரியநாயகி மேடம்," என்று முழுசாகக் கூப்பிட்டாள். அவர் முகம் லேசாகச் சுருங்கியது. பெண்டாட்டி பெயரால் தன் தகுதி ஒரு படி இறங்கிவிட்டதுபோல் சுற்றிலும் பார்த்தார்.

உள்ளே போனதும் சாப்பிட ஆரம்பித்தார். வீட்டில் மூன்றாவது தோசை போட்டால் சர்க்கரையைச் சொல்லிக் கையால் மறைக்கிறவர். நாலு இட்லி, பொங்கல், பிறகு ரொட்டியும் முட்டையும், பிறகு சின்னக் கிண்ணத்தில் ஏதோ இனிப்பு, மறுபடி பொங்கல். பசியோடு தின்கிற மனுஷனைப் பார்த்தால் கோபம் வராது. அவருக்குப் பசி இல்லை. வருஷக் கட்டணத்தை வயிற்றால் வசூல் செய்துகொண்டிருந்தார். நெற்றி வியர்த்தது. "நீயும் ரெண்டு ரவுண்டு எடு," என்றார். "ஒரு சாப்பாடு ஆயிரத்து ஐநூறுன்னு வச்சிக்க. இன்னும் ரெண்டு தடவ வந்தா ஓரளவு கவர் ஆயிடும்." கிளம்பும்போது பிஸ்கட் பொட்டலங்களை அவள் கைப்பையில் போட்டார்.

ஊருக்குத் திரும்பிய பிறகு கார் ஓட்டிவந்த கலியமூர்த்தி பாத்திரத்தைக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். "புளிசோறு அருமம்மா. ஒரு பருக்க வுடல," என்றார். அன்றைக்கு நல்ல சாப்பாடு சாப்பிட்டவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்தபோது அவளுக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

முத்தாண்டிக்குப்பத்துக்காரர் கலியமூர்த்தி. சொந்த வண்டியைக் கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் ஓட்டுகிறார். ஆபீசர்களில் யார் எப்படி என்று டவுன்ஷிப்பில் டிரைவர்களுக்குத் தெரிகிற அளவு வேறு யாருக்கும் தெரியாது. மணிமாறனுக்கு 'தேய்க்கிற சார்' என்று பெயர் வைத்ததே டிரைவர்கள்தான். பெயர் பிளாக் முழுக்கப் பரவிவிட்டது. அவர் காதுக்கு மட்டும் போகவில்லை. போயிருந்தாலும் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. பத்து லட்சத்துக்கு இந்த ஊரில் என்ன வாங்குவது? குவார்ட்டர்ஸ் கம்பெனியுடையது. கரன்ட் பில்லோ, ஆஸ்பத்திரிச் செலவோ அவர்களுக்குப் பெரிதாக இல்லை. மீன்காரிகூட ஸ்கேன் செய்கிற அட்டை மாட்டியிருக்கிறாள். ஆனால் அந்த உலோகக் கார்டை ஊரில் முக்கால்வாசிக் கடைகளில் வாங்க மாட்டார்கள். ஆகவே மணிமாறன் ஊரார் வாங்குவதையெல்லாம் தான் வாங்கத் தொடங்கினார். யார் வீட்டில் டிவி, யார் வீட்டில் பிரிட்ஜ், யார் பிள்ளைக்கு காலேஜ் பீஸ் என்று மோப்பம் பிடித்துப் போய் நிற்பார். "நீங்க கஷ்டப்படாதீங்க. நான் தேய்ச்சிடறேன். நீங்க எனக்கு ஜிபே பண்ணிடுங்க." உதவி செய்கிறவர்போல முகத்தை வைத்துக்கொள்வார். கார்டில் செலவு ஏறும், கார்டுக்காரர்கள் தருகிற பரிசுப் புள்ளி ஏறும்.

கலியமூர்த்தி மகள் கல்யாணத்துக்குச் சீர் வாங்கும்போதும் அப்படித்தான் போய் நின்றார். அதைக் கலியமூர்த்தியே ஒருநாள் பலாப்பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"வடலூர்ல நாலு கட ஏறி எறங்கனோம்மா. எந்த மிஷின்லயும் சாரு கார்டு ஏறல. கடக்காரன் 'சார், ஸ்கேன் பண்ணிடுங்க'ன்னு சொல்லிகினே இருக்கான். சாரு ஒத்துக்கல. 'ஒன் மிஷின மாத்துடா'ன்னு அவன்கிட்ட மல்லுக்கு நிக்கிறாரு. அப்பறம் பாண்டிச்சேரி போயிதான் கட்டிலு, பீரோ, வாசிங் மிஷினு எல்லாம் எடுத்தோம். லோடு வண்டி வாடக மட்டும் எந்தலையில வுழுந்துட்டுது."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

கலியமூர்த்தி சிரித்தார். "எப்பிடிம்மா சொல்றது? என் வண்டி சாரு கையெழுத்துலதான ஓடிகினு இருக்குது." பிறகு அவளைச் சமாதானப்படுத்துகிறவர்போல, "எம் பொண்ணு வூட்டு பீரோவால சாருக்குப் புள்ளி வந்துச்சாம். வரட்டும்மா. பீரோ தொறந்தா சாரு ஞாபகம் வரும்," என்றார்.

அன்று சாயங்காலம் அவள் மணிமாறனிடம் லோடு வண்டி வாடகையை நாமே கொடுத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தாள். "அதுக்கு எதுக்கு நாம குடுக்கணும்? லோடு வண்டிக்காரன் கார்டு வாங்க மாட்டானே," என்றார் அவர். அது ஒரு பதில் என்றே நினைத்தார். கலியமூர்த்திக்கு அவளே கொடுக்கலாம் என்று இரண்டு நாள் எண்ணினாள். பிறகு கொடுக்கவில்லை. பலாச்சுளையைப் பிளாக்கில் நாலு வீட்டுக்குப் பங்கிட்டதோடு சரி.

அந்தக் கார்டு எப்போது வந்தது என்பது அவளுக்கு மறக்கவில்லை. சிங்காரவேல் ஜெனரல் மேனேஜர் ஆன வருஷம். சிங்காரவேல் மணிமாறனிடம் ட்ரெய்னியாகச் சேர்ந்தவர். பிரமோஷன் பட்டியல் வந்த அன்று மணிமாறன் வீட்டுக்கு வந்து, டியூப்பைப் பிடித்துக்கொண்டு வாசல் பலாமரத்துக்குத் தண்ணீர் ஊற்றியபடி நின்றார். முந்தின நாள்தான் நல்ல மழை. தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் குழாயை மூடவில்லை. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு ஜன்னலுக்கு உள்ளேயே நின்றாள். அடுத்த மாதம் கார்டுக்கு எழுதிப்போட்டார். எல்லாருக்கும் கொடுக்காத ஒன்றை யாரோ தனக்குக் கொடுத்தாக வேண்டியிருந்தது.

அப்போது அவளுக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தைக் கொஞ்ச காலம் பத்திரமாகத்தான் வைத்திருந்தாள். சிங்காரவேல் கட்டிய புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் அது போய்விட்டது. மொய் எழுதுகிற மேசைமுன் பர்ஸைத் திறக்கிற சாக்கில் மணிமாறன் கார்டைக் கீழே போட்டார். டங்! மொய் எழுதிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "சார், இங்க கேஷ் மட்டும்தான்," என்றார். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் சிரிப்பை முந்தானையில் அடக்கினார்கள். தனக்கு அவமானமாக இருக்கும் என்று பெரியநாயகி எதிர்பார்த்தாள். இல்லை. உள்ளே அவளும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். அந்தப் பெண்களை விட மோசமாக.

ஒரு வருஷமாக அவளுக்கு ரத்தப்போக்கு. மாதத்தில் பாதி நாள் வீட்டைவிட்டு இறங்குவதற்குத் தயங்குவாள். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, சாதாரணக் கட்டிதான், ஆனால் எடுத்துவிடுவது நல்லது என்று பெண் டாக்டர் சொன்னார். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்கு நாளும் குறித்தார்.

கத்தி அவளைப் பயமுறுத்தவில்லை. வலிக்கும் அவள் பயப்படவில்லை. அவள் பயம் வேறு. நித்யா திருச்சியில் ஆபரேஷனில் பிறந்தாள். மயக்கம் தெளிந்தபோது பெரியநாயகி ஏதோ நடைபாதையில் ஒரு தள்ளுவண்டியில் கிடந்தாள். தலைக்கு மேல் இரண்டு பேர் எந்தப் படத்துக்குப் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ குனிந்து, "ஏம்மா, உன் பேர் என்ன?" என்று கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. நாக்கு புரளாதது ஒருபக்கம். தேடிப் பார்த்தால் உள்ளேயே பெயர் இல்லை. குழந்தை பெற்றதும் தெரியவில்லை, யார் வீட்டுப் பெண் என்றும் தெரியவில்லை. அது எவ்வளவு நேரம் இருந்ததோ. தெரிந்த முகம் ஒன்று அங்கே இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்திருப்பாள். ஒரு முகமும் இல்லை. மணிமாறனிடம் ஒருமுறை இதைச் சொல்லியிருக்கிறாள். "அனஸ்தீஷியான்னா அப்படித்தான்," என்றார்.

அன்னமேரி அப்படிச் சொல்லவில்லை. மேல்பட்டாம்பாக்கத்துப் பெண். அதே ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். பின்தெரு குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறாள். பத்து வருஷமாக இருவரும் சாயங்காலம் சேர்ந்து நடக்கிறார்கள். கதையை முழுசாகக் கேட்டாள்.

"அன்னிக்கு டூட்டி நான் கேட்டு வாங்கிக்கறன்க்கா. கண்ணு மூடற வரைக்கும் எம் மூஞ்சியவே பாத்துகினு இருங்க. தொறக்கறப்பவும் இதே மூஞ்சிதான் நிக்கும். 'பெரியநாயகி அக்கா'ன்னு முழுப் பேரும் சொல்லி நானே கூப்புடறேன். போதுமா?"

"போதும்," என்றாள் பெரியநாயகி. வேறு எதுவும் அவளுக்குத் தேவையாகத் தோன்றவில்லை. அன்றிலிருந்து அவள் நன்றாகத் தூங்கினாள்.

மெயில் வந்த வாரம், சனிக்கிழமை சாயங்காலம் மணிமாறன் காபி போட்டுக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்தார். முப்பது வருஷத்தில் முதல் காபி. சர்க்கரை போட மறந்திருந்தார். பெரியநாயகி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு என்ன ஆயிற்று என்று யோசித்தாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனைக் காட்டினார். மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அறை. சோபா, திரைச்சீலை, ஜன்னலுக்கு வெளியே மரம், மேசையில் பழத்தட்டு.

"இது ரூம் இல்ல, சூட். கூட இருக்கிறவங்களுக்குத் தனி பெட். மூணு வேளையும் மெனு குடுத்துக் கேட்டு சமைச்சுத் தர்றான். உனக்கு ஆபரேஷன இங்க வச்சிக்கலாம்னு பாக்கறேன். ஒரு தடவதானே பண்றோம்?"

"எவ்வளவுங்க?"

"மூணேகால்," என்றார் உடனே.

சொன்ன பிறகு அவர் கண் ஒரு நொடி அவள் கண்ணில் பட்டு விலகியது. மூணு லட்சம் உதைக்குது என்று அவர் சொன்னது தோசைக்கல் சூடுபோல இன்னும் ஆறாமல் இருந்தது. கால் லட்சம் அதிகமாகவே வருகிறது. அவளுடைய கர்ப்பப்பை கார்டின் இடைவெளியில் சரியாகப் பொருந்திவிட்டது. நித்யாவைச் சுமந்தபோதுகூட இவ்வளவு அக்கறையாக இதைப் பற்றி அவர் பேசியதில்லை.

"நம்ம காசு ஒண்ணும் போவாது," என்று வேகமாகத் தொடர்ந்தார். "இங்க டாக்டர் ரெஃபரல் எழுதிக் குடுத்தா கம்பெனி குடுத்துடும். ஆஸ்பத்திரிக்கு நேரா லெட்டர் குடுக்கறேம்பான், அது வேணாம்னுடலாம். நாம தேய்ச்சிட்டு அப்புறம் க்ளெய்ம் பண்ணிக்கலாம். ஒரு சின்ன விஷயம். பேஷன்ட் கேட்டாத்தான் ரெஃபரல் எழுதுவாங்க. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட நீ சொல்லணும். இங்க பண்ணிக்க பயமா இருக்கு, நம்பிக்கை வரலைன்னு. அவ்ளோதான்."

"எனக்கு இங்க நம்பிக்கை இருக்குங்களே."

"சும்மா சொல்றதுதானே நாயகி! நம்பிக்கை இருக்கா இல்லையான்னு யாரு ஸ்கேன் பண்ணிப் பாக்கப் போறாங்க?"

அவள் காபியைக் குடித்தாள். கசந்தது. 'கட்டிக்கொடுத்த புளிசாதத்தைத்தான் டிரைவருக்குக் கொடுத்தீர்கள், இப்போது பெண்டாட்டி வயிற்றைக் கார்டுக்குக் கொடுக்கிறீர்களா' என்று ஒரு வாக்கியம் உள்ளே தயாராக வந்தது. நன்றாக இருந்தது. அதை அவள் தனக்குள் இரண்டுமுறை சொல்லி ரசித்துவிட்டு, டம்ளரைக் கழுவப் போனாள். அவள் பேசாமல் போனதைச் சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. இத்தனை வருஷமும் அது சம்மதமாகத்தான் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அன்னமேரி நேராக வந்தாள். வாசலிலேயே நின்றாள், உள்ளே வரவில்லை.

"மெட்ராஸ் போறீங்களாமே? சாரு டாக்டருக்குப் போன் போட்டு, எங்க கையில நம்பிக்க இல்லன்னு சொன்னாராம். வார்டு பூரா பேசிகினு இருக்காங்க."

"நான் சொல்லலை, மேரி."

"நீங்க சொல்லலன்னு தெரியும். நீங்க எத சொல்லியிருக்கீங்க?" குத்தலாகத்தான் சொன்னாள். அப்புறம் தாங்கமாட்டாமல், "சரி, கர்ப்பப்பைக்கு எத்தன புள்ளியாம்? பித்தப்பையும் சேத்து எடுத்தா ஒரு குக்கரு தருவானா?" என்றாள்.

இருவரும் சிரித்தார்கள். பெரியநாயகிக்குக் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு வந்தது. அன்னமேரிதான் முதலில் நிறுத்தினாள்.

"சிரிச்சிட்டு அந்தாளு கூட கார்ல ஏறிடுவீங்க," என்றாள். "அங்க உங்க முழுப் பேர எவ கூப்புடுவா? போங்கக்கா." செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை ஓ.பி.யில் கூட்டம் குறைவு. மணிமாறன் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். சட்டைப்பையில் கார்டின் விளிம்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு எதற்கு அது? பெஞ்சில் உட்கார்ந்து அவள் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "பயமா இருக்கு, நம்பிக்கை வரலை. ரெண்டும் சொல்லு," என்று பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்குப் பாடம் ஒப்பிக்கச் சொல்கிறவர்போல் சொன்னார்.

பெரியநாயகிக்கு வழக்கம்போல் உள்ளே வாக்கியங்கள் வரத் தொடங்கின. அந்தச் சட்டையைப் பற்றி ஒன்று, குனிந்தபோது அடித்த பவுடர் வாசனையைப் பற்றி ஒன்று. எல்லாம் கூர்மையாக இருந்தன. அவற்றைக் கேட்டுக்கொண்டே, தன் தலை மெல்ல ஆடுவதை அவள் கவனித்தாள். சரி என்று ஆடிக்கொண்டிருந்தது.

அவளுக்குத் திக்கென்றது. எப்போதும் இப்படித்தானா? புளிசாதத்தைக் காரில் வைத்தபோதும், பிஸ்கட்டைக் கைப்பையில் வாங்கிக்கொண்டபோதும், பெயரைப் பாதியாக வெட்டிய கார்டில் கையெழுத்துப் போட்டபோதும், உள்ளே சிரித்துக்கொண்டு வெளியே தலையை ஆட்டியிருக்கிறாள். தான் அவரைவிட ஒரு படி மேலே நிற்கிறோம் என்கிற சுகம் கிடைத்துவிட்டது. அதற்குமேல் எதையும் மறுக்க அவசியம் இல்லாமல் போய்விட்டது. அவருக்குக் கார்டு எப்படியோ அவளுக்கு இந்த இளக்காரம் அப்படி. யாரும் பார்க்காத இடத்தில் டங்கென்று போட்டுக் கேட்டுக்கொள்வாள். அதற்கும் வருஷா வருஷம் எதையோ கட்டித்தான் வந்திருக்கிறாள். கலியமூர்த்தியின் வண்டி வாடகையைக் கொடுக்காததற்கும் வேறு காரணம் இல்லை. மணிமாறனைப் பார்த்து உள்ளே சிரித்ததே போதுமாக இருந்தது.

அன்னமேரி சொன்னது சரி. சிரித்துவிட்டுக் காரில் ஏறிவிடுவாள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே டாக்டர் அவளைப் பார்த்துச் சிரித்தார். சுவரோரம், அன்றைக்கு ஓ.பி. டூட்டியில் இருந்த அன்னமேரி பி.பி. பார்க்கிற கருவியை வைத்துக்கொண்டு நின்றாள். காலண்டரைப் பார்த்தபடி நின்றாளே தவிர இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"வாங்க பெரியநாயகியம்மா. சார் போன்ல சொன்னாரு. இங்க பண்ணிக்கப் பயப்படறீங்களாமே? அதுல தப்பு ஒண்ணும் இல்ல. நீங்க கேட்டா நான் எழுதிக் குடுத்துடறேன்."

"ஆமா டாக்டர். சரியா தூங்கறதே இல்ல," என்றார் மணிமாறன்.

"அவங்க சொல்லட்டும் சார்."

உள்ளே இருந்து கூர்மையாக ஏதாவது வரும் என்று பெரியநாயகி காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. அவரைப் பார்த்தாள். தலை நரைத்த, சட்டைப்பை துருத்திய, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதர். சிரிக்கவும் தோன்றவில்லை.

"பயம் இருக்குங்க டாக்டர்," என்றாள்.

மணிமாறன் மூச்சு விட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"இருக்கிறதாலதான் இங்கயே பண்ணிக்கிறேன்."

"நாயகி..." அவர் அவசரமாக முன்னால் வந்தார். "என்ன இது? நாம பேசினோமே?"

"நீங்க பேசினீங்க," என்றாள். குரல் உயரவில்லை. "மெட்ராஸுக்கு நான் வரலைங்க."

பிறகு இடது பக்க ரவிக்கைக் கையை மேலே சுருட்டி, அன்னமேரி இருக்கிற பக்கமாகக் கையை நீட்டி மேசைமேல் வைத்தாள்.